சளி துப்பத் தெரியாத பிள்ளைகள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ஒருவருக்கு வந்த நோய் எது என்று இன்னமும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கணித மேதை இராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தில் நோயில் படுத்தார். முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். மெண்டிப் மலையிலும் மாட்லாக்கிலும் சானடோரியங்களில் வைத்துப் பார்த்தார்கள். மெண்டிப்பில் அவரைப் பார்த்த டாக்டர் சௌரி முத்து சென்னை மாகாணத்துக்காரர். 1928-இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. இராமானுஜன் 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சென்னையில் இறந்தார். 1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளைத் தேடிப் படித்துவிட்டு, அது காசமே இல்லை, கல்லீரலில் அமீபா புகுந்த நோய் என்று எழுதினார். செத்து 74 வருடம் கழித்து ஒரு மனிதரின் நோய் திரும்பவும் விசாரிக்கப்படுகிறது.

அவரை விசாரித்ததில் எனக்கு வருத்தமில்லை. விசாரிக்கட்டும். விசாரிக்க அங்கே காகிதம் இருக்கிறது. கடிதம் இருக்கிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதிய குறிப்பு இருக்கிறது. அதே வருடங்களில் அதே காவிரிக் கரையில், அரசலாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே சேரிகளில் உருகிச் செத்த பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? நான் தேடினேன். நான் 1989 முதல் 2017 வரை காசநோய்த் திட்டத்தில் களப்பணி பார்த்தவன். தஞ்சாவூர் மாவட்டம் ஒன்றாக இருந்தபோதும், 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் பிரிந்த பிறகும் இந்த வயல்வரப்புகளில் சைக்கிள் மிதித்தவன். அப்பா பண்ணையாள். என் தாத்தாவும் பண்ணையாள். அவருக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர் எங்களுக்கே தெரியாது.

சேரியில் பிள்ளை செத்தால் அது எப்படிக் கணக்கில் ஏறும் என்று பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவேடு பட்டாமணியத்திடம் இருக்கும். பட்டாமணியம் பரம்பரை உத்தியோகம், சேரிக்காரன் அதில் உட்கார முடியாது. வெட்டியான் போய் வாசலுக்கு வெளியே நின்று, 'இன்னார் பிள்ளை போயிட்டுதுங்க' என்று சொல்ல வேண்டும். பட்டாமணியம் எதனால் என்று கேட்டால் கேட்டதுதான். 'காய்ச்சலுங்க.' காய்ச்சல் என்று எழுதப்படும். சென்னை மாகாணத்து மரணக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'காய்ச்சல்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எத்தனை பேரைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள் என்று. மலேரியாவும் அதில்தான், டைபாய்டும் அதில்தான், காசமும் அதில்தான். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்படும் வரைக்கும் எங்கள் பிள்ளைகளின் சாவுக்குப் பெயர் வைத்தவர்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள்.

ஆனால் எங்கள் ஜனங்களிடம் பெயர்கள் இருந்தன. பால்குடி மறந்த பிள்ளை நோஞ்சிப் போனால் 'சவலை'. உடம்பு அனலாய்க் கொதித்து, வயிறு உப்பி, கைகால் குச்சியானால் 'கணை'. சாயங்காலம் பறவை நிழல் பட்டு இளைத்தால் 'பட்சி தோஷம்'. கழுத்தில் கட்டி கட்டியாகக் கோத்து, உடைந்து சீழ் வடிந்தால் 'கண்டமாலை'. பெரியவர்கள் இருமி இருமி எலும்பாய்ப் போனால் 'எலும்புருக்கி'. இந்தப் பெயர்களைப் பார்த்து மருத்துவம் படித்தவர்கள் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. கண்டமாலை என்று எங்கள் அப்பாயி சொன்னதைத்தான் டாக்டர் கழுத்து நிணநீர்க் கணுக் காசம் என்று சொன்னார். சவலை, கணை என்று போனதில் எத்தனை காசம், எத்தனை வெறும் பசி என்று இனிப் பிரிக்க முடியாது. அந்தப் பெயர்களுக்கு ஒரு குறை உண்டு. எலும்புருக்கி வேறு, கணை வேறு என்று அவை பிரித்துவிட்டன. திண்ணையில் தாத்தா இருமுவதும் உள்ளே பேத்தி உருகுவதும் ஒரே நோய் என்று சேர்த்துப் பார்க்க விடவில்லை. அப்பாயி சொல்லும்: "உங்க பெரியப்பன் இருமிக்கிட்டே போனாரு. மறுவருசம் அவரு மவ கணையில போனா. அந்த வூட்டுக்கு ஆகாத காலம்டா."

ஆகாத காலம் என்று அப்பாயி சொன்னது சரியான அவதானம். ஒரே வீடு, ஒரு வருட இடைவெளி. இதைத்தான் இன்றைக்குக் குழந்தை மருத்துவப் புத்தகத்தில் முதல் குறியாக எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நோயை ஆராய்ந்தவர்களுக்கு நாங்கள் கண்ணில் படவில்லை. 1920-இல் ஆர்தர் லங்கெஸ்டர் இந்தியாவில் காசநோய் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். பட்டணத்து நெரிசல், கோஷாவில் அடைந்து கிடக்கும் பெண்கள், படிக்கிற பிள்ளைகள் என்று கவலைப்பட்டார்கள். கிராமம் என்றால் நல்ல காற்று. டெல்டா என்றால் பச்சை வயல், தென்னந்தோப்பு. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் ஆறு பகுதிகளில் கணக்கெடுத்த பிறகுதான், கிராமத்திலும் பட்டணத்துக்குக் குறையாமல் காசம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். நல்ல காற்று வயலில் இருக்கிறது ஐயா, குடிசைக்குள் இல்லை. மிராசுதார் மனைக்கட்டில், அவர் 'எழுந்திரு' என்றால் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் போட்ட குடிசை அது. குனிந்து நுழைய வேண்டும். சன்னல் கிடையாது. மழைக்காலத்தில் அடுப்பு, ஆடு, கிழவன், பிள்ளை எல்லாம் ஒரே இருட்டில். அந்த மனைக்கட்டு எங்களுக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது 1971-இல்தான், குடியிருப்புச் சட்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவருக்குக் காசம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் அந்தக் கிருமியைக் காட்டினார். அதற்குப் பிறகு சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பாகத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் ஏழை நாடுகளில் இதுதான் சோதனை. பிள்ளைக்கு இது பொருந்தாது. பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். விழுங்காமல் கொடுத்தாலும் அதில் கிருமி கொஞ்சமாக இருக்கும். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் அகப்படும். பிள்ளையின் நுரையீரலில் பெரியவர்களுக்குப் போலக் குழி விழுவது அபூர்வம். கிருமி உள்ளே நிணநீர்க் கணுக்களில் பதுங்கியிருக்கும். ஆகவே 'சளியில் இல்லை' என்ற சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நோய் இல்லை என்று சொல்லக் கூடாது. எத்தனை தாய்மார்கள் அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

விழுங்கிய சளி வயிற்றில் இருக்கிறதே, அதை எடுக்கலாம் என்று ஒரு வழி கண்டார்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு, விடியற்காலையில் பிள்ளை படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை உறிஞ்சுவார்கள். ஒரு நாள் எடுத்தால் போதாது, மூன்று நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதை முட்டைக் கலவையில் வளர்த்துப் பார்த்து முடிவு வர 6 முதல் 8 வாரம் ஆகும். அப்படியும் நோய் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் கிருமி வளராது.

மூன்று விடியற்காலை என்றால் என்ன அர்த்தம்? பிள்ளையோடு தாயும் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-இல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவு பல காலம் இயங்கியது ராஜா மிராசுதார் மருத்துவமனையில். 19-ஆம் நூற்றாண்டில் மிராசுதார்கள் கொடுத்த கொடையில் எழும்பியதால் அந்தப் பெயர். அவர்கள் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் யாருடைய வேர்வை இருந்தது என்று கல்வெட்டு சொல்லாது. அந்த ஆஸ்பத்திரியால் எங்கள் ஜனம் ஆயிரமாயிரம் பேர் பிழைத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று நாள் என்பது சம்பா நடவில் மூன்று நாள் கூலி. நடவு ஆளை ஒரு நாள் விட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: "இந்த ஒண்ணப் பாக்கப் போனா மத்த மூணு பட்டினி கெடக்கும். நீங்களே சொல்லுங்கண்ணே, எதக் காப்பாத்த?" அவளைப் 'ஒத்துழைக்காதவர்' என்று பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் இருந்தது. அவள் கேள்வியை எழுத கட்டம் இல்லை.

அடுத்தது தோல் சோதனை. 1908-இல் சார்ல்ஸ் மாந்தூ என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. முன்கையில் தோலுக்குள் மெல்லிய ஊசியால் மருந்து ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடிப்பு இருந்தால் கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியவும் தெரியாது. தடிப்பு கண்ணுக்குப் புலப்படாது, விரலால் தடவித்தான் அதன் விளிம்பைக் கண்டுபிடிக்க முடியும். தடவி, பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். அதாவது இந்தச் சோதனையைத் தொட்டுத்தான் படிக்க முடியும்.

தொடாமல் வைத்தியம் பார்த்த ஊர் இது. எங்கள் அப்பாயி காலத்தில் நாட்டு வைத்தியர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பிள்ளையைத் தூக்கிக் காட்டு என்பாராம். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். சூரணத்தை வாழை இலைத் துண்டில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போன பிறகு இவர்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கழுத்தைத் தொட்டால்தான் கண்டமாலைக் கட்டி விரலில் நெருடும். முதுகெலும்பைத் தடவினால்தான் கூன் விழப்போவது முன்கூட்டித் தெரியும். வயிற்றை அழுத்தினால்தான் ஈரல் வீக்கம் தெரியும். பிள்ளையின் காசம் முழுக்க முழுக்கக் கைக்குத் தெரிகிற நோய். கையை இழுத்துக்கொண்ட மருத்துவம் அதை எப்படிக் காணும்?

இது அப்பாயி காலத்துக் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1990-களில் ஒரு மருந்தகத்தில் (பெயர் வேண்டாம்) மூன்றாம் நாள் கையைக் காட்ட வந்த பிள்ளைகளை மேசைக்கு அந்தப் பக்கமாகவே நிற்கவைத்து, எட்டிப் பார்த்து, 'இல்லை, இல்லை, இல்லை' என்று வரிசையாக எழுதியதை நான் நேரில் பார்த்தேன். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று முகவரியிலேயே தெரியும். அதே ஆள் மளிகைக் கடைக்காரர் மகனின் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, தடவிப் பார்த்தார். நான் அந்தப் பிள்ளைகளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப அளந்தேன். இரண்டு பிள்ளைக்கு 10-ஐத் தாண்டியது. மேலே எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. மருந்து மட்டும் எப்படியோ வாங்கிக் கொடுத்தோம்.

தொட்டுப் பார்த்தாலும் இந்தச் சோதனை ஏமாற்றும். அம்மை போட்டு எழுந்த பிள்ளை, சோறு இல்லாமல் வற்றிய பிள்ளை, நோய் முற்றி மூளைக்கு ஏறிய பிள்ளை, இவர்களுக்கெல்லாம் தோல் தடிக்காது. தடிப்பது என்பது உடம்பு எதிர்த்துப் போராடும் அடையாளம். போராடச் சத்தில்லாத உடம்பு பேசாமல் கிடக்கும். ஆக, யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே சோதனை 'இல்லை' என்று சொல்லும்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது, வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் மீதிப் பேருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். பால், முட்டை, மலைக்காற்று, படுக்கை இருப்பவனுக்குத்தான் குணம் என்ற பணக்கார வைத்தியம் அன்றோடு உடைந்தது. இதை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன். எங்கள் ஜனம் சானடோரியத்துக்குக் காத்துக் கிடக்கத் தேவையில்லை என்று ஆனது.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றாதா என்று கேட்டு, குடும்பத்தாரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய வீட்டுக்கும் வீட்டிலேயே வைத்த வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொற்ற வேண்டியது மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் தொற்றிவிட்டது என்பதுதான் அதன் பொருள். அப்பன் இருமத் தொடங்கிய நாளுக்கும் அவனுக்கு நோய் என்று சொன்ன நாளுக்கும் இடையே எத்தனை மாதம் ஓடியதோ, அத்தனை மாதமும் பிள்ளைக்கு ஆபத்து. அப்பனைச் சீக்கிரம் கண்டுபிடிக்காதவன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது.

1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. தானாக ஆஸ்பத்திரிக்கு வருபவரின் சளியைப் பார்ப்பது, கிருமி இருந்தால் மருந்து கொடுப்பது. கிருமி துப்புகிறவரே பரப்புகிறவர், அவரை முதலில் பிடி என்பது அதன் நியாயம். நியாயம்தான். பிள்ளைகள் பெரும்பாலும் யாருக்கும் பரப்புவதில்லை, ஆகவே கணக்கில் கடைசியாகப் போனார்கள். இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் எடுத்துக்கொண்டது 15 வயதும் அதற்கு மேலும்தான்.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே சேத்துப்பட்டு மையம்தான் சொல்லியிருக்கிறது. மூளைச்சவ்வில் காசம் ஏறிய 180 குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து 1986-இல் வெளியிட்டார்கள். 27 சதவீதம் பேர் இறந்தார்கள். 39 சதவீதம் பேர் பக்கவாதம், மூளை வளர்ச்சிக் குறைவு என்று ஏதோ ஒரு ஊனத்தோடு பிழைத்தார்கள். முழுக் குணம் 34 சதவீதம். நல்ல மருந்து, நல்ல டாக்டர்கள். பிள்ளைகள் வந்து சேர்ந்தது தாமதம். எங்கள் பக்கம் சேரிகளில் 'காய்ச்சல்ல ஜன்னி கண்டு கை கால் போனது' என்று திண்ணையில் உட்கார்த்தி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 39 எனக்கு ஞாபகம் வரும்.

பி.சி.ஜி. ஊசி இந்த மூளைக்காய்ச்சலைக் கணிசமாகத் தடுக்கிறது. 1948-இல் கிண்டியில் அதற்கு ஆய்வுக்கூடம் வைத்தார்கள். 1955-இல் இராஜாஜி அதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று செங்கல்பட்டு ஆய்வு பின்னால் காட்டியது வேறு விஷயம். கைக்குழந்தைக்குப் போட வேண்டியதுதான்.

சரி, சளியிலும் தெரியாது, தோலிலும் ஏமாற்றும், எக்ஸ்ரேயில் நிழல் விழுந்தாலும் ஆளுக்கொரு விதமாய்ப் படிப்பார்கள். அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உண்டா? மூன்று மாதத்தில் எடை குறைந்ததா, ஏறாமல் நின்றதா? கடந்த இரண்டு வருடத்தில் கூட இருந்தவர் யாருக்காவது காசம் உண்டா? இந்த மூன்று கேள்விக்கும் தாய்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் சொல்வதை நம்ப வேண்டும். 'உங்களுக்கெல்லாம் எப்பப் பாத்தாலும் இருமல்தானே' என்று சொல்கிற வாய் இந்த நோயைக் கண்டுபிடிக்காது.

மூன்றாவது கேள்வியில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. படிவத்தில் 'வீட்டில் யாருக்கேனும்' என்று அச்சடித்திருந்தது. பண்ணையாள் பிள்ளைக்கு வீடு எது? திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயதான ஒரு அத்தை சொன்னது: "எட்டு வயசுல ஆண்டை வூட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனேன். சாணி அள்ள, கன்னுக்குட்டி பாக்க. ராவும் பகலும் அங்கதான். கொட்டாய ஒட்டி ஒரு ரூமு. ஆண்டையோட தம்பிய அதுல போட்டிருந்தாவோ. ரத்தமாக் கக்குவாரு. வெளில தெரிஞ்சா பொண்ணு கெடைக்காதுன்னு மூடி வெச்சிருந்தாவோ. அந்தச் சட்டியக் கழுவுறது நானு." பிறகு இந்த அத்தைக்குக் கழுத்தில் கட்டி வந்து உடைந்தது, தழும்பு இருக்கிறது. அவள் கூட மாடு மேய்த்த தம்பி பிழைக்கவில்லை. படிவத்தைக் கேட்டால், வீட்டில் யாருக்கும் இல்லை. நோய் எப்போதும் சேரியிலிருந்துதான் ஊருக்குப் போகிறது என்ற நினைப்பு, கேள்வியை அச்சடித்தவனின் தலைக்குள்ளேயே இருக்கிறது. பெரிய வீட்டு இருமலை யார் போய்க் கேட்பது? சேரியிலும் மறைக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். இருமுகிறவனைக் கதிர் அறுக்கக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தால் தாய் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஒருவர் சொத்துக்காக மறைத்தார், மற்றவர் சோற்றுக்காக மறைத்தார்.

இரண்டாவது கேள்வி எடை. பாப்புவா நியூ கினியில் கீத் எட்வர்ட்ஸ் என்பவர் 1987-இல் ஒரு மதிப்பெண் முறை எழுதினார். காய்ச்சலுக்கு இத்தனை, எடைக்குறைவுக்கு இத்தனை, வீட்டில் நோயாளி இருந்தால் இத்தனை என்று கூட்டி, குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் மருந்து தொடங்கலாம். எக்ஸ்ரே இல்லாத ஊருக்கு நல்ல முறை. எங்கள் பால்வாடியில் அதைப் போட்டுப் பார்த்தால், எடைக்குறைவு மதிப்பெண்ணைப் பாதிப் பிள்ளைகள் சும்மாவே வாங்கிவிடும். எது பசி, எது நோய்? ஒரு முறை நிறுத்தால் தெரியாது. மாதா மாதம் நிறுத்து, சாப்பாடு கொடுத்தும் கோடு ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஒரு நல்ல பால்வாடி ஆயாவும் ஒழுங்கான தராசும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பசியும் நோயும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதற்குச் சான்று இப்போது வந்திருக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசம் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். வெண்மணியில் எங்கள் ஜனம் கூலியில் கூடக் கேட்டது அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த அரைப்படி யார் வயிற்றுக்குப் போயிருக்கும், எத்தனை பிள்ளையின் எடைக்கோடு ஏறியிருக்கும் என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு கொள்ளையும் நடந்தது. பிள்ளைக்குச் சளி சோதனை ஆகாது என்ற இடைவெளியில் தனியார் பரிசோதனைக் கூடங்கள் புகுந்தன. ரத்தம் எடுத்து 'டி.பி. எலிசா' என்று சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சோதனைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லி, 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் தோட்டை அடகு வைத்துவிட்டார்கள்.

2015-இல் உலகில் காசத்தால் இறந்த பிள்ளைகள் 2,39,000 என்று 2017-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 96 சதவீதம் பேர் மருந்தே தொடங்காதவர்கள். மருந்து தோற்றுப் பிள்ளைகள் சாகவில்லை, பெயர் வைக்கப்படாமல் செத்தார்கள். கண்டுபிடித்துவிட்டால் குணமாவது சுலபம். கடுமையாகாத காசத்துக்கு ஆறு மாதம் வேண்டாம், நான்கு மாத மருந்தே போதும் என்று 2022-இல் நிரூபித்தார்கள். சோதித்த 1,204 பிள்ளைகளில் இந்தியப் பிள்ளைகளும் உண்டு. சளியிலிருந்து கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் இயந்திரங்கள் சில மணி நேரத்தில் சொல்கின்றன. பிள்ளை விழுங்கிய சளி மலத்தில் வருமே, அதிலேயே தேடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மூக்கில் குழாய் வேண்டாம். ஆனால் மலத்தில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, பழைய மூன்று கேள்விகளை அப்போதும் கேட்க வேண்டும்.

என் தங்கை மகளுக்கு இதையெல்லாம் போன மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மாமனாருக்குக் காசம் என்று மருந்து தொடங்கியிருக்கிறார்கள், மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும், அது விதி என்றேன். "எங்க மாமா, வூட்ல யாரு யாரு இருக்கீங்கன்னே யாரும் கேக்கலியே" என்றாள். நீயே போய்ச் சொல் என்றேன்.

"நான் சொன்னா கேப்பாங்களா?"

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன்.